தானியங்கி முறையில் சுடும்போது குண்டுகள் மேலே ஏறுவது ஏன், அதை அடக்குவது எப்படி?

கேள்வி இது: ஒற்றை வேட்டில் 25 மீட்டரில் ஒழுங்காகச் சுடும் ஒருவர், துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, செலக்டரை (சுடும் முறையை மாற்றும் விசையை) ஆட்டோவுக்கு, அதாவது விரலை எடுக்கும் வரை தொடர்ந்து சுடும் முறைக்கு, மாற்றுகிறார். முதல் குண்டு தாளின் நடுவில் படுகிறது. அடுத்தது வலப்பக்கத் தோளுக்கு மேல். மூன்றாவது தாளிலேயே இல்லை. இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசமாகிறது. கையில் வலு போதவில்லையா, முறை தவறா?

முறைதான் தவறு. மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள் சரியாக நின்று மூன்று குண்டுகளையும் ஒரு கைக்குட்டை அளவுக்குள் வைப்பதும், உடற்பயிற்சிக்கூட உடம்பு கொண்டவர்கள் மேற்கூரையைச் சுடுவதும் ரேஞ்சுகளில் அன்றாடம் காணக்கூடிய காட்சிதான். காரணத்தை நேரக்கணக்கிலிருந்து தொடங்கினால் மற்றவை தானே விளங்கும்.

நிமிடத்துக்கு 600 வேட்டு என்றால் ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.1 நொடி. மூன்று வேட்டு பர்ஸ்ட் (ஒரே அழுத்தத்தில் தொடர்ந்து வரும் வேட்டுக் கொத்து) ஒன்றில் முதல் குண்டு கிளம்பியதிலிருந்து மூன்றாவது கிளம்ப 0.2 நொடி ஆகும். நிமிடத்துக்கு 900 என்றால் அதுவே 0.13 நொடிதான். கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, தசை அசைய மனிதருக்கு எப்படியும் 0.2 நொடி வேண்டும். அதாவது குழல்முனை ஏறுவதைப் பார்த்து நீங்கள் கீழே அமுக்கத் தொடங்கும்போது பர்ஸ்ட் முடிந்துவிட்டது. நம் இலக்கணத்தில் குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, அது கண் இமைக்கும் நேரம் என்பார்கள். இங்கே நடப்பதெல்லாம் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே பர்ஸ்ட்டின் நடுவில் திருத்துவது என்று ஒன்று இல்லை. செய்ய வேண்டியதை எல்லாம் முதல் குண்டுக்கு முன்பே உடம்பில் அமைத்துவிட வேண்டும். விரலை எடுக்க வேண்டிய நேரத்தையும் அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் மேலே, ஏன் வலப்பக்கம்

குழலின் அச்சு பெரும்பாலான துப்பாக்கிகளில் தோளில் ஸ்டாக் (துப்பாக்கியின் பின்கட்டை) படும் இடத்துக்கு மேலே இருக்கிறது. உதை குழலின் நேர்கோட்டில் பின்னோக்கி வருகிறது, தாங்கும் இடமோ அதற்குக் கீழே. எனவே துப்பாக்கி தோளைச் சுற்றி மேல்நோக்கிச் சுழல்கிறது. அமெரிக்காவின் எம்16 ரைபிள் வகையில் ஸ்டாக்கைக் குழலுக்கு நேர்கோட்டில் வைத்ததும், அதனால் பார்வைக் குறிகளை உயரத் தூக்க வேண்டி வந்ததும் இதற்காகத்தான். ஸ்டாக் கீழ்நோக்கி வளைந்திருக்கும் பழைய வகைகளில் ஏற்றம் கூடுதல்.

வலப்பக்கம் போவது துப்பாக்கியால் அல்ல, உங்களால். வலக்கைக்காரருக்கு உதை வலத்தோளில் படுகிறது. தோள் பின்னே போனால் உடம்பு முழுவதும் இடுப்பைச் சுற்றி வலப்புறம் திரும்பும், குழல்முனையும் கூடவே வரும். இடக்கைக்காரருக்கு இது அப்படியே இடப்புறம். 1959-இல் வந்த சோவியத் ஏகேஎம் ரைபிளின் குழல்முனையில் சாய்வாக வெட்டிய சிறு உறுப்பு ஒன்று உண்டு. வெளியேறும் வாயுவைக் கொண்டு முனையை இடப்புறமும் கீழ்நோக்கியும் தள்ளுவதற்காக அது அப்படி வெட்டப்பட்டது. வலக்கைக்காரருக்கு உதவும் இந்த வெட்டு, இடக்கைக்காரரின் குண்டுகளை மேலும் இடப்புறம் தள்ளுகிறது. இடக்கைக்காரர்கள் தங்கள் நிலையைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளலைத் தாங்க வேண்டும்

இதை எண்ணாகப் பார்ப்பது நல்லது, பயம் குறையும். ஏகேஎம்-இன் 7.62×39 தோட்டாவில் குண்டு 8 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 715 மீட்டர். பின்னால் வரும் வாயுவின் பங்கையும் சேர்த்தால் ஒரு வேட்டின் உந்தம் சுமார் 7.5 நியூட்டன்-நொடி. நொடிக்கு 10 வேட்டு என்றால் சராசரித் தள்ளல் 75 நியூட்டன். தோளில் ஏழரைக் கிலோ எடை சாய்ந்தது போல. 9 மி.மீ. சப்மெஷின் கன் (கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தானியங்கி முறையில் சுடும் துப்பாக்கி) அதே வேகத்தில் சுட்டால் மூன்றரைக் கிலோ அளவே. ஆனால் 7.62×51 போன்ற முழுவலு ரைபிள் தோட்டாவை நிமிடத்துக்கு 700 என்று சுட்டால் 13, 14 கிலோவைத் தொடும். அந்தத் தோட்டாவுடன் நான்கு கிலோ ரைபிளை நின்றபடி ஆட்டோவில் ஆள்வது கடினம் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை: அமெரிக்காவின் எம்14 ரைபிள்களில் பெரும்பாலானவை ஆட்டோ செலக்டர் பூட்டப்பட்ட நிலையில்தான் வீரர்களுக்கு வழங்கப்பட்டன, பிரிட்டனின் எல்1ஏ1-இல் ஆட்டோவே வைக்கவில்லை.

ஏழரைக் கிலோ தள்ளல் ஒரு மனிதரைச் சாய்க்கப் போதுமானதல்ல. ஆனால் நிமிர்ந்து, குதிகாலில் எடை வைத்து நிற்பவரைச் சாய்க்கும். ஒற்றை வேட்டு இலக்குப் போட்டிகளில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து எலும்பின் மேல் துப்பாக்கியை வைக்கும் அந்த நிலை ஒரு குண்டுக்கு அருமையானது, மூன்று குண்டுக்குப் பயன்படாது.

நிற்கும் முறை

கால்கள் தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதல். தாங்கும் கையின் பக்கத்துக் கால் ஒரு அடி முன்னே. முழங்கால்கள் இரண்டும் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நேராக விறைத்த முழங்கால் உதையை நேரே இடுப்புக்குக் கடத்தும். மார்பு இலக்கை நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி நின்றால் தோள் பின்வாங்க இடம் கிடைக்கிறது, அந்த இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொள்ளும். மேலுடல் இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும்: தோள்கள் இடுப்புக்கு முன்னால், மூக்கு முன்காலின் விரல்களுக்கு நேர் மேலே. எடையில் பெரும்பகுதி முன்பாதத்தில். பின்கால் குதிகாலின் கீழ் ஒரு தாள் நுழையும் அளவு லேசாக இருந்தால் சரி.

இதைத் துப்பாக்கி இல்லாமலே சோதிக்கலாம். குளியலறை எடைக்கருவி ஒன்றைச் சுவரில் தோள் உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, ஸ்டாக் படும் இடத்தால் அதன் மேல் சாயுங்கள். 7, 8 கிலோ காட்டும்படி பத்து நொடி நிற்க வேண்டும். கையால் தள்ளக் கூடாது, தசை நடுங்கக் கூடாது, உடம்பின் சாய்வு மட்டுமே அந்த எண்ணைத் தர வேண்டும். முதலில் பலருக்கு 2, 3 கிலோவுக்கு மேல் ஏறாது. அவர்கள் சாய்வதாக நினைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பு முன்னே வந்ததும் எண் ஏறும். மறுபக்கமும் பார்க்க வேண்டும்: கருவியைச் சட்டென்று எடுத்தால் தடுமாறி முன்னே ஓடினால் சாய்வு அதிகம். பர்ஸ்ட் நின்றதும் நீங்கள் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஸ்டாக்கை வைக்கும் இடம் தோளின் உருண்டையான மூட்டு அல்ல. கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, மார்பின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே தள்ளி, உயர்த்தி வைக்க வேண்டும். உயர்த்தினால் குழலின் அச்சும் தாங்கும் இடமும் நெருங்குகின்றன. உள்ளே தள்ளினால் உடம்பைத் திருப்பும் நெம்புகோல் குட்டையாகிறது. மேலே போவதற்கும் வலப்பக்கம் போவதற்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் மருந்து இது. நீளமான ஸ்டாக் உங்களை நிமிரச் செய்யும். நீளத்தை மாற்ற முடிகிற துப்பாக்கியில் ஒற்றை வேட்டுக்கு வைப்பதைவிட ஒரு படி குறைத்து வையுங்கள். மடக்கும் இரும்புக் கம்பி ஸ்டாக்குகள் வழுவழுப்பான சட்டையில் ஒவ்வொரு வேட்டுக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். ரப்பர் ஒட்டு உள்ள அங்கியோ தடித்த பருத்திச் சட்டையோ போட்டால் அந்தத் தொல்லை போகும்.

கைகள்

தாங்கும் கை முன்னே எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் குழல்முனைக்கு முன் விரல் போகவே கூடாது; குட்டைத் துப்பாக்கிகளில் கைத்தடுப்போ முன்பிடியோ இல்லாவிட்டால் அந்த ஆசையையே விட்டுவிடுங்கள். அந்தக் கையின் வேலை துப்பாக்கியைத் தோளுக்குள் நேராகப் பின்னே இழுப்பது. கீழே அமுக்குவதல்ல. பிரிட்டனின் ஸ்டென் சப்மெஷின் கன்னில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) பிடித்து இழுக்கக் கூடாது. மேகசின் சாய்ந்தால் தோட்டா நேராக ஏறாமல் சிக்கும். குழலைச் சுற்றிய துளையிட்ட உறையைப் பிடிக்க வேண்டும், விரல் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றுத் துளைக்குள் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால்: தாங்கும் கையில் நல்ல உறுதி, ட்ரிகர் கையில் அதைவிடக் குறைவு. ட்ரிகர் கையை நெரித்துப் பிடித்தால் விரலும் சேர்ந்து இறுகும், வேண்டிய நேரத்தில் விடாது. இறுக்கிப் பிடித்தால் மோசமாகிறது என்று கேள்வியில் இருந்ததன் காரணம் பெரும்பாலும் இதுதான்: நெரித்த தசை சீராகத் தாங்காது, நடுங்கும், பர்ஸ்ட் தொடங்கும் முன்பே முனையைக் கீழே குத்தும்.

துப்பாக்கியோடு மல்லுக்கட்டுகிறீர்களா என்று கண்டறிய நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. மேகசின் தீர்ந்து வேட்டு நிற்கும் கணத்தில் குழல்முனை கீழே விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் நீங்கள் கைத்தசையால் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள். உடம்பின் சாய்வால் தாங்கினால் முனை இருந்த இடத்திலேயே நிற்கும், உடம்பு மட்டும் ஒரு விரற்கடை முன்னே வரும். இதைச் சுடுபவர் தானே பார்க்க இயலாது. பயிற்சியாளர் பார்க்கட்டும், அல்லது பின்பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

சிலர் தாழ்த்திக் குறிவைத்து ஏறவிடச் சொல்வார்கள். முழுவலுத் தோட்டாவை நின்று சுடும் நிலை வந்தால் அது ஏற்கத்தக்க சமாளிப்பு. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் வேண்டாம். ஏற்றத்தை ஒரு கொடையாக ஏற்றுக்கொண்டால் அதைக் குறைக்கும் வேலை நின்றுவிடும்.

விரல்

ட்ரிகரை முழுவதும் அழுத்தி முழுவதும் விட வேண்டும். பாதியில் தடவிக்கொண்டிருந்தால் சில துப்பாக்கிகளில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உலோகக் கட்டையை) தடுக்கும் கொக்கி முழுதாகப் பிடிக்காமல் உரசித் தேயும். இரண்டு, மூன்று வேட்டில் நிறுத்துவதற்கு வாய்க்குள் "தொடு, விடு" என்று சொல்லிப் பழகுங்கள். "விடு" என்பதன் முதல் எழுத்தில் விரல் விலகத் தொடங்க வேண்டும். 600 வேகத்தில் இது இரண்டு அல்லது மூன்று வேட்டு தரும். 900 வேகத்தில் மூன்று அல்லது நான்கு. எண்ணி நிறுத்துகிறேன் என்று முயல்பவர்களுக்கு எப்போதும் இரண்டு கூடுதலாகப் போய்விடும், ஏனென்றால் அவர்கள் கேட்ட சத்தத்துக்கு விடையளிக்கிறார்கள்.

எம்16ஏ2 போல மூன்று வேட்டில் தானே நிற்கும் துப்பாக்கி விரலுக்கு எதுவும் கற்றுத் தராது. அதன் எண்ணும் பல்சக்கரம் விரலை எடுத்தால் முதலுக்குத் திரும்புவதும் இல்லை. இரண்டாவது வேட்டில் விட்டுவிட்டால் அடுத்த அழுத்தத்தில் ஒன்றே ஒன்று வரும், நீங்கள் கோளாறு என்று நினைப்பீர்கள்.

எத்தனை தோட்டா, எந்த வரிசையில்

இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. முதன்முறை ஆட்டோவுக்கு மாற்றும்போது மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டபின் மீண்டும் ஒன்று. பிறகு இரண்டு. இரண்டும் தாளில் விழுவது மூன்று முறை தொடர்ந்து நடந்தால் மூன்று. இதன் காரணம் சிக்கனம் அல்ல. புதியவர் உதையால் திடுக்கிட்டால் கை தன்னையறியாமல் இறுகும், விரலும் இறுகும், துப்பாக்கி சுட்டுக்கொண்டே மேலும் பின்னும் வரும். மேகசினில் இரண்டே தோட்டா இருந்தால் 0.1 நொடியில் அது தானே நின்றுவிடும். 2008 அக்டோபரில் மாசசூசெட்ஸில் ஒரு கண்காட்சியில் எட்டு வயதுச் சிறுவன் மைக்ரோ ஊசி (Uzi) என்ற சிறு சப்மெஷின் கன்னைச் சுட்டபோது அது மேலேறித் திரும்பி அவன் உயிரைப் பறித்தது. 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் இருந்த ஊசி, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைக் கொன்றது. ஒற்றை வேட்டு ஒன்றைச் சுட்டபின் உடனே ஆட்டோவுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒரு தோட்டா, இரண்டு தோட்டா என்ற வரிசை இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கவே. உதையைத் தாங்கும் உடல் எடையும், விரல் அடக்கமும் இல்லாத குழந்தைகளிடம் ஆட்டோவைக் கொடுக்கவே கூடாது.

மூன்று வேட்டு நிலைத்தபின் மேகசினில் பத்து ஏற்றி ஐந்து இரட்டைகளாகச் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறியை மீண்டும் எடுத்து, மூச்சு ஒன்று விட்டு, அடுத்தது. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து என்று மாற்றி மாற்றி. பயிற்சியாளர் எண்ணைச் சொல்ல, நீங்கள் அதையே தர வேண்டும். முழு மேகசினை ஒரே மூச்சில் காலி செய்வதில் கற்க இருப்பது ஒன்றே: உங்கள் சாய்வு நிலையாக இருக்கிறதா என்று. அதை ஒரு நாளில் ஒருமுறைக்கு மேல் செய்வது தோட்டாவை வீணடிப்பது.

தூரம் 10 மீட்டர் போதும். அங்கே ஒரு பாகைக் கோணம் தாளில் 17.5 செ.மீ. ஆகத் தெரியும். மூன்று வேட்டும் நெடுக்காக வைத்த ஏ4 தாளுக்குள் அடங்கினால் உங்கள் ஏற்றம் 1.7 பாகைக்குள் இருக்கிறது. அதன்பிறகு 15, பிறகு 25.

இங்கே ரேஞ்சின் வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலக்குத்தாளை அருகே கொண்டுவருவதும், இலக்குக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டின் அருகே நீங்கள் போவதும் ஒன்றல்ல. மேடு 4 மீட்டர் உயரம், நீங்கள் 25 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், துப்பாக்கி தரையிலிருந்து 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழல் 6 பாகை ஏறினால் குண்டு மேட்டின் விளிம்பில். வேட்டுக்கு ஒரு பாகை ஏறும் புதியவருக்கு அது ஏழாவது குண்டு, அதாவது 0.6 நொடி. அதே மேட்டிலிருந்து 10 மீட்டரில் நின்றால் 14 பாகைக்கு மேல் இடம் இருக்கிறது. எனவே தாளை மேட்டின் அடியிலேயே, இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு, ஆள்தான் முன்னே வர வேண்டும். அருகே வரும்போது மேட்டில் கல் இருக்கக் கூடாது, இரும்பு இலக்கும் கூடாது, தெறித்துத் திரும்பும்.

தாளைப் படிப்பது

ஒவ்வொரு பர்ஸ்ட்டுக்கும் புதுத் தாள், அல்லது துளைகளை வெவ்வேறு நிறப் பேனாவால் வட்டமிடுங்கள். கவனிக்க வேண்டியது முதல் குண்டை அல்ல, முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தை. முதல் குண்டு அமைதியாக நிற்கும் உடம்பிலிருந்து போகிறது. இரண்டாவது, உதை வாங்கிய உடம்பிலிருந்து. மூன்றாவதற்கு மேல் உடம்பு அந்தச் சராசரித் தள்ளலுக்குப் பழகி ஓரிடத்தில் நின்றுவிடும். நல்ல நிலையில் நிற்பவரின் தாளில் முதல் குண்டு தனியாகவும் மற்றவை சற்று மேலே கூட்டமாகவும் இருப்பது இதனால். ரஷ்யாவின் ஏஎன்-94 ரைபிளில் முதல் இரண்டு குண்டுகளை மட்டும் நிமிடத்துக்கு 1800 என்ற வேகத்தில் அனுப்பியதே, உதை தோளை எட்டும் முன் இரண்டாவதும் போய்விட வேண்டும் என்பதற்காக.

நேர் மேலே ஏறும் கோடு: எடை பின்னால் இருக்கிறது. மேலும் வலப்பக்கமும் சாய்ந்து ஏறும் கோடு: மார்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது அல்லது ஸ்டாக் வெளித்தோளில் இருக்கிறது. முதல் குண்டே தாழ்ந்து விழுந்தால் உதையை எதிர்பார்த்து அமுக்கிவிட்டீர்கள். இதற்கு மருந்து ஆட்டோவில் இல்லை, ஒற்றை வேட்டுக்குப் போய், பயிற்சியாளர் உங்களுக்குத் தெரியாமல் நடுநடுவே வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா கலந்து தரட்டும். எல்லாத் திசையிலும் சிதறினால் தாங்கும் கை தளர்ந்திருக்கிறது, அல்லது கன்னம் ஸ்டாக்கிலிருந்து எழுந்துவிட்டது. மேலே ஏறி, பிறகு கீழே இறங்கி, மறுபடி ஏறும் அலை போன்ற வடிவம் கிடைத்தால் பர்ஸ்ட் நீளமாகிவிட்டது என்று பொருள், 0.2 நொடி தாமதமாக வந்த உங்கள் திருத்தம் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

எதில் தொடங்குவது

தோள் ஸ்டாக் உள்ள, கனமான, மெதுவான 9 மி.மீ. துப்பாக்கி. முழு அளவு ஊசி மூன்றரைக் கிலோ, நிமிடத்துக்கு 600. ஸ்டெர்லிங் சுமார் 550. எம்பி5 800 என்றாலும் மூடிய போல்ட் (சுடும் முன்பே போல்ட் முன்னே மூடி நிற்கும் வகை) ஆதலால் முதல் குண்டு துல்லியம். எம்3 வகை 450 என்பதால் விரல் பழக்கத்துக்கு மிக ஏற்றது. ஒவ்வொரு வேட்டையும் காதால் பிரித்து அறியலாம். மைக்ரோ ஊசி, மேக்-10, குளோக் 18 ஆகியவை சிறியவை என்பதால் எளியவை என்று தோன்றும். அவை நிமிடத்துக்கு 1000-ஐத் தாண்டும், எடை குறைவு, கையை வைக்க முன்னால் இடமும் இல்லை. தொடங்குபவர் அவற்றைத் தொட வேண்டாம்.

ஸ்டென், ஊசி, ஸ்டெர்லிங் ஆகியவை திறந்த போல்ட் வகை: ட்ரிகரை அழுத்தினால் பின்னால் நிற்கும் கனமான போல்ட் முன்னே ஓடி, தோட்டாவை உருவி, உள்ளே தள்ளிச் சுடும். அந்த ஓட்டத்திலேயே முனை அசையும், முதல் குண்டு எதிர்பார்த்த இடத்தில் விழாது. அது உங்கள் தவறு அல்ல. ஆனால் வெறுமையாக்கும் வரிசையில் தவறினால் அது உங்கள் தவறுதான். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். அதன்பின்தான் காக்கிங் கைப்பிடியை (போல்ட்டைப் பின்னே இழுக்கும் பிடியை) பிடித்துக்கொண்டு போல்ட்டை மெதுவாக முன்னே விட வேண்டும். மேகசின் இருக்கும்போது போல்ட்டை முன்னே விட்டால் அது சுடும். காக்கிங் கைப்பிடியைப் பாதி இழுத்து நழுவவிட்டாலும் ஸ்டென் சுடக்கூடும்.

சூடும் கோளாறுகளும்

ஆட்டோவில் குழல் மிக விரைவாகச் சூடேறும். மூடிய போல்ட் ரைபிள்களில் 140, 150 தோட்டாவை இடைவெளியின்றிச் சுட்டால், குழலின் பின்முனை அறையில் தங்கிய தோட்டா ட்ரிகரைத் தொடாமலே சூட்டால் வெடிக்கும் நிலை வரும். அதனால் ஒவ்வொரு மேகசினுக்குப் பிறகும் போல்ட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். சூடான குழலில் தோட்டா வெடிக்காமல் நின்றுவிட்டால் 10 நொடிக்குள் வெளியேற்ற வேண்டும். முடியாவிட்டால் முனையை மேட்டை நோக்கியே வைத்து 15 நிமிடம் யாரும் கிட்டே போகாமல் காத்திருக்க வேண்டும்.

வேட்டின் நடுவே ஒரு சத்தம் மட்டும் மந்தமாகக் கேட்டால் உடனே விரலை எடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். ஆட்டோவில் அடுத்த குண்டு அதன் முதுகில் இடிக்க 0.1 நொடிதான், பல நேரம் நீங்கள் கேட்பதற்குள் அது நடந்துவிடும். தரம் தெரியாத மறுநிரப்புத் தோட்டாவை ஆட்டோவில் போடக் கூடாது என்பது இதனால்தான்.

விரலை எடுத்தும் துப்பாக்கி நிற்காமல் சுட்டால், எதையும் சரிசெய்ய முயல வேண்டாம். மேட்டை நோக்கிப் பிடித்தபடி சாய்ந்து நில்லுங்கள். 30 தோட்டா மூன்று நொடியில் தீர்ந்துவிடும். மேகசினைப் பிடுங்க ஒரு கையை எடுப்பது அதைவிட ஆபத்தானது. சூடான வெற்றுறை சட்டைக் கழுத்துக்குள் விழுவதும் சின்ன விஷயமல்ல. துள்ளித் திரும்பியவர் கையில் துப்பாக்கியும் திரும்பும். கழுத்துப் பொத்தானை மூடுங்கள், விழுந்தால் விரலை எடுத்து, முனையை முன்னே வைத்து, கீழே வைத்தபின் உதறுங்கள். காதுக்குச் செருகியும் மேலுறையும் இரண்டும் வேண்டும், மூடிய ரேஞ்சில் கட்டாயம்.

இருகால் தாங்கியுள்ள இயந்திரத் துப்பாக்கியில் படுத்துச் சுடும்போது கோட்பாடு அதேதான், சாய்வு மட்டும் படுக்கைவாக்கில். உடம்பு குழலுக்கு நேர் பின்னே, கால்கள் அகன்று, தோளால் முன்னே தள்ளி, தாங்கியின் கால்கள் மண்ணில் அழுந்தும்படி. தாங்காத கை ஸ்டாக்கின் மேல் வந்து அதைத் தோளோடு இறுக்கும். சிமெண்டுத் தரையில் தாங்கியின் கால்கள் துள்ளும். கீழே ரப்பர் விரிப்போ மண்மூட்டையோ போடுங்கள். இங்கே ஐந்து முதல் எட்டு வேட்டு பர்ஸ்ட் இயல்பானது, கனம் உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்கிறது.

கேட்டவருக்கு அடுத்த முறைக்கான திட்டம்: மொத்தம் 100 தோட்டாவுக்கு மேல் வேண்டாம், அறுபதைத் தாண்டியதும் தோள் சோர்ந்து பழைய பழக்கம் திரும்பும். முதல் 20 ஒற்றை வேட்டு, புதிய சாய்வு நிலையில். பிறகு ஆட்டோவில் ஒன்று, ஒன்று, ஒன்று. பிறகு பத்து இரட்டைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், 10 மீட்டரில். அந்தப் பத்துத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பி, முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். கடைசி ஐந்து தாளிலும் அது ஒரு சாணுக்குள் இருந்தால் மூன்றாவது தோட்டாவை ஏற்றலாம். இல்லையென்றால் ஸ்டாக்கை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, இன்னும் பத்து இரட்டைகள்.